"வேற ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

பிள்ளை வந்து சொல்லுகிறது. நேராகச் சொல்லாது. பாதி சொல்லும், பாதியை விழுங்கும், நடுவில் "எனக்கு ரியூசனுக்குப் போக விருப்பமில்லை" என்று வேறெங்கோ போகும். எப்படியோ கடைசியில் ஆளின் பெயர் வெளியே வந்துவிடும். அந்த நேரம் எங்கள் வாயிலிருந்து முதலில் விழுகிற கேள்வி எது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: "வேற ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

அனலைதீவில் பிள்ளை வளர்க்கும் அம்மாமாரே, அப்பாமாரே, இந்தக் கேள்வியை நாங்கள் விடவேண்டும். பயத்தில் கேட்கிறோம், சரி. ஆனால் பிள்ளையின் காதில் அது எப்படி விழுகிறது என்று ஒருநாளாவது யோசித்தோமா? "இவ்வளவு நேரமும் நீ சொன்னது ஒரு விஷயமே இல்லை, விஷயம் இனித்தான் இருக்கிறது" என்று விழுகிறது. பிள்ளை "இல்லை" என்றால் எங்களுக்கு மூச்சு வருகிறது. "அப்ப சரி, இனி அந்தப் பக்கம் போகாதை, ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று கதையை முடித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறோம். "ஓம்" என்றாலோ செத்தவீடு மாதிரித் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறோம். இரண்டிலும் நாங்கள் பார்த்தது பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை அல்ல. பிள்ளைக்கு நாளைக்குக் கலியாணம் நடக்குமா, ஊர் வாயில் எங்கள் வீடு விழுமா என்பதைத்தான் பார்த்தோம்.

கொடுமையில் கூடியது குறைந்தது இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எல்லாம் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. நாங்கள் அளக்கிற கோல்தான் பிழை.

அந்தக் கோல் எங்கே கிடைத்தது? பக்கத்துத் தீவில். 2015 மே 13ஆம் திகதி காலை, புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன 18 வயது மாணவி வழியில் மறிக்கப்பட்டாள். அடுத்த நாள் உடலாகத்தான் கண்டெடுத்தார்கள். அவளின் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் நான் எழுதவில்லை. அந்தக் கிழமை வடக்கு முழுக்கக் கடை பூட்டினது. மே 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டிடத்துக்குக் கல்லெறி விழுந்தது, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதாகையோடு வீதிக்கு வந்தார்கள். எங்கள் தீவகம் அவ்வளவு கோபப்பட்டதை நான் அதற்கு முதலும் காணவில்லை, பிறகும் காணவில்லை. யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றத்தில் சசிமகேந்திரன், பிரேமசங்கர், இளஞ்செழியன் என்று மூன்று நீதிபதிகள் சேர்ந்திருந்து விசாரித்து, 2017 செப்ரெம்பர் 27ஆம் திகதி 7 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். இரண்டு பேர் விடுவிக்கப்பட்டார்கள்.

கோபப்பட்டது பிழையில்லை. ஆனால் அந்த வழக்கு எங்கள் மனதில் அளவுகோலாகக் குந்திவிட்டது. அதுக்குக் கீழே உள்ளதெல்லாம் "சின்ன விஷயம்" ஆகிவிட்டது. சொல்லப்போனால் கொலையைக்கூட நாங்கள் தரம் பிரித்துத்தான் ஞாபகம் வைக்கிறோம். 2012 மார்ச்சில் நெடுந்தீவில் ஒரு சிறுமி வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். அதற்கு எத்தனை கடை பூட்டினது?

இன்னொன்றையும் மறந்துவிட்டோம். புங்குடுதீவுப் பிள்ளையை மறித்தவர்கள் கடல் தாண்டி வந்த அந்நியர் கூட்டமல்ல. அதே ஊரில் பிறந்து அதே வீதியால் திரிந்தவர்கள் அதில் இருந்தார்கள். பிள்ளையைக் காணவில்லை என்று வீட்டார் அன்றிரவு பொலிசுக்குப் போனபோது, யாரோடாவது ஓடியிருப்பாள், வந்துவிடுவாள் என்ற மாதிரிப் பதில் கிடைத்ததாகக் குடும்பத்தவர் சொன்னார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. நாங்கள் பொலிசைத் திட்டினோம். பொலிஸ் அந்தக் கதையை எங்கே படித்தது? எங்கள் வீட்டு விறாந்தையில்தான். ஒரு பெட்டை நேரம் பிந்தினால் எங்கள் வாயில் முதலில் வருவதும் அதுதானே.

சட்டத்தில் படிகள் இருக்கின்றன. 1995ஆம் ஆண்டு 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் எங்கள் தண்டனைச் சட்டக் கோவையில் அவற்றை வைத்தது. 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவு, 5 ஆண்டு வரை சிறை. 365ஆ பிரிவு பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம். வல்லுறவு என்று சட்டம் சொல்லுகிற அளவுக்கு வராத, ஆனால் உடலைப் பாலியல் நோக்கத்தோடு பாவிக்கிற செயல்கள் இதற்குள் வரும். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் 7 முதல் 20 ஆண்டு. 18க்குக் குறைந்த பிள்ளையின் மேல் வல்லுறவு என்றால் 10 முதல் 20 ஆண்டு. 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளை சம்மதித்தாள் என்ற கதையைச் சட்டம் காதில் போடாது. கவனித்துப் பாருங்கள், நாங்கள் "வேற ஒண்டும் செய்யேல்லைத்தானே" என்று தள்ளிவிடுகிற விஷயத்துக்கே 20 ஆண்டு வரை எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் அந்தப் படிகள் செய்தவனின் தண்டனையை அளக்கப் போட்டவை. பிள்ளையின் காயத்தை அளக்கப் போட்டவை அல்ல. இரண்டையும் ஒன்றென்று எடுத்தால் நீதிபதிக்கும் தடுமாறும். இந்தியாவில் அது நடந்தது. 2021 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, 12 வயதுப் பிள்ளையின் மார்பை உடுப்புக்கு மேலால் அழுத்தினது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின்கீழ் பாலியல் தாக்குதல் ஆகாது, தோலோடு தோல் படவில்லை என்று சொன்னது. நாடே கொதித்தது. அந்த ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. முக்கியம் தொட்டவனின் நோக்கம், தோல் அல்ல என்றது. நாக்பூர்த் தீர்ப்பை வாசித்துவிட்டு நாங்களும் சிரித்தோம், திட்டினோம். "உடுப்புக்கு மேலாலதானே" என்று எங்கள் தீவில் எத்தனை அம்மம்மாமார் சொல்லியிருப்பார்கள்!

இனி பிள்ளையின் பக்கத்தால் வருவோம். 1993இல் கெண்டல்-டாக்கெட், வில்லியம்ஸ், ஃபிங்கல்ஹோர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், பாலியல் கொடுமைக்கு உள்ளான பிள்ளைகளைப் பற்றிய 45 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எது காயத்தைக் கூட்டுகிறது என்று தேடினார்கள். உடலுக்குள் புகுந்த செயல் கூட்டுகிறது, பலவந்தம் கூட்டுகிறது. அது எங்களுக்கும் தெரிந்ததுதான். அதோடு சேர்த்து, எத்தனை தரம் நடந்தது, எவ்வளவு காலம் நீண்டது, செய்தவன் பிள்ளைக்கு எவ்வளவு நெருக்கம் என்பவையும் கூட்டுகின்றன. தாயின் ஆதரவு இல்லாமை அதே பட்டியலில் நிற்கிறது. திரும்ப வாசியுங்கள். பிள்ளை சொன்ன பிறகு தாய் எந்தப் பக்கம் நின்றாள் என்பது, நடந்த செயலோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்யுங்கள். ஒருத்தியை யாழ்ப்பாணத்து பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவன் மோசமாகப் பிடித்துவிட்டு இறங்கி ஓடிவிட்டான். அவள் வீட்டுக்கு வந்து கத்தி அழுதாள், தாய் கட்டிப்பிடித்தாள், தகப்பன் அவளையும் கூட்டிக்கொண்டு முறைப்பாட்டுக்குப் போனார். மற்றவளை மாமா முறையான ஒருவர், வீட்டுக்கு வந்துபோகிற ஒருவர், மூன்று வருடமாக மடியில் இருத்தித் தொட்டார். ஒரு நாளும் வலிக்கவில்லை. ஒரு நாளும் மிரட்டவில்லை. சொக்கிலேற் கூடக் கொடுத்தார். அவள் சொன்னபோது, "மாமா உன்னில பாசம், நீ பிழையா விளங்கிப் போட்டாய்" என்றார்கள். இருபத்தைந்து வயதில் யாருக்கு நித்திரை வராமல் இருக்கும்? யாருக்குப் புருஷன் தோளில் கை வைத்தாலும் உடம்பு விறைக்கும்? எங்கள் கோலால் அளந்தால் இரண்டாவதுதான் சின்னது.

ஏன் அப்படி? 1985இல் ஃபிங்கல்ஹோரும் பிரவுனும் இந்தக் காயத்துக்குள் நாலு வேர்கள் ஓடுகின்றன என்று எழுதினார்கள். வயதுக்கு மீறிய பாலியல் பிள்ளைக்குள் திணிக்கப்படுவது. நம்பினவனே ஏமாற்றுவது. என் உடம்பில் நடப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை என்ற கையறுநிலை. நான் அசிங்கமானவள் என்று உள்ளே ஒட்டிக்கொள்ளுகிற வெட்கம். முதல் மூன்றையும் அவன் செய்கிறான். நாலாவதில் பெரும்பங்கை நாங்கள்தான் செய்கிறோம், பாசத்தோடு, வாயைப் பொத்தி. நம்பினவன் ஏமாற்றுவதிலும் எங்களுக்குப் பங்குண்டு: அவனுக்கு அடுத்ததாகப் பிள்ளை நம்பினது எங்களை.

எங்கள் மண்ணில் இது இன்னும் இறுகுகிறது. பட்டணத்துப் பிள்ளைக்கு வேறு வீதியால் போகலாம், வேறு வகுப்புக்கு மாறலாம். எங்கள் பிள்ளைக்கு ஊர்காவற்றுறைக்குப் போக அதே இறங்குதுறை, அதே படகு. எதிர்ப் பலகையில் அவன் இருப்பான். ஐயனார் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நின்று வடம் பிடிப்பான். செத்தவீட்டில் பாடை காவுவான். ஆய்வாளர்கள் "எவ்வளவு காலம் நீண்டது" என்று எண்ணும்போது தொடுகை நின்ற நாளோடு எண்ணிக்கையை நிறுத்துகிறார்கள். அனலைதீவில் அது அந்த நாளோடு நிற்காது.

அவனுக்கு வாசல் திறந்துவிடுவதும் நாங்கள்தான். புகையிலைக் காலத்தில் விடிய முதல் தோட்டத்துக்குப் போகிறோம். பிள்ளை பக்கத்து வளவில். அது எங்கள் குற்றமல்ல, வயிற்றுப்பாடு. ஆனால் சின்ன வயதிலிருந்தே என்ன பழக்கி வைத்திருக்கிறோம்? திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து ஒருவர் வந்தால், "போய் மாமாவுக்குக் கொஞ்சு" என்று தள்ளிவிடுகிறோம். பிள்ளை பின்னுக்கு இழுத்தால் "வெக்கம் பிடிச்சது, மரியாதை தெரியாதது" என்று பேச்சு. உன் உடம்பைத் தொடவிட உனக்கு விருப்பமில்லை என்றாலும் பெரியவர் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதை நாலு வயதிலேயே பாடமாக்கிவிட்டோம். பிறகு பத்து வயதில் "நீ ஏன் கத்தேல்லை?" என்று கேட்கிறோம்.

கத்தாததும், பிந்திச் சொல்லுவதும், சொன்னதைப் பிறகு மறுப்பதும் பொய்யின் அடையாளம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ரோலண்ட் சமிற் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1983இலேயே எழுதினார்: இரகசியம், கையறுநிலை, பொறியில் அகப்பட்டுப் பழகிப்போதல், பிந்தி வருகிற நம்பமுடியாத மாதிரியான பேச்சு, கடைசியில் "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்ற மறுப்பு. நெருங்கியவரால் கெடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் இந்த வரிசையை அவர் திரும்பத் திரும்பக் கண்டார். எங்கள் ஊரில் மறுப்பு வரும் நாளும் எல்லோருக்கும் தெரியும். அவனின் தாய் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போன நாள்.

இதுவரை சின்னதாக்குகிற பெற்றோரை ஏசினேன். மற்றப் பக்கத்துக்காரரும் தப்ப முடியாது. பிள்ளைக்கு முன்னாலேயே "என்ர பிள்ளையின்ர வாழ்க்கை போச்சு" என்று நெஞ்சில் அடிக்கிறவர்கள், படிப்பை நிறுத்துகிறவர்கள், வீட்டுக்குள் பூட்டி வைக்கிறவர்கள், பதினெட்டு முடிந்த கையோடு எவனோ ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்துக் கடலுக்கு அப்பால் அனுப்புகிறவர்கள். கெடுத்தவனுக்கே கட்டிவைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று கதைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கலியாணம் அந்தக் குற்றத்தைக் கழுவாது. பொதுக் கலியாணச் சட்டத்தின்கீழ் 18க்குக் குறைந்தவருக்குப் பதிவே கிடையாது. அதைவிட, வாழ்நாள் முழுக்க ஒரே பாயில் அவனோடு படு என்று பெற்ற பிள்ளைக்குத் தீர்ப்பு எழுத எந்த மனம் வரும்?

வாழ்க்கை போகவில்லை. அதே 1993 ஆய்வில், பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் வெளியில் தெரிகிற அறிகுறி ஒன்றுமில்லை. அறிகுறி இருந்தவர்களில் பெரும்பாலானோர் முதல் 12 முதல் 18 மாதத்துக்குள் தேறிவந்தார்கள். இதைச் சொல்லவே எனக்குக் கொஞ்சம் பயம். "பாத்தீங்களோ, ஒண்டும் இல்லையாம்" என்று செய்தவனின் ஆட்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். சில பிள்ளைகளுக்கு அறிகுறி வருடங்கள் கழித்துத்தான் தலைகாட்டும், சாமத்தியப்பட்ட பிறகு, கலியாணத்தின் பிறகு, தன் பிள்ளைக்கு அதே வயது வரும்போது. காயம் ஆறினது என்பதற்காகக் குற்றம் குறையாது. ஆனால் பிள்ளைக்கு இது தெரிய வேண்டும்: நீ முடிந்துபோனவள் இல்லை. எங்கள் அழுகை அதற்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெடியன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பெடியனுக்கு என்ன வரப்போகுது" என்று நினைக்கிறோம், கர்ப்பம் வராது, கன்னி போகாது என்பதால். திரும்பவும் அதே கோல். 2007இல் இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் அமைச்சு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. 53.22 வீதத்தினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். அதில் பெடியன்கள் 52.94 வீதம், பெண்பிள்ளைகளைவிடக் கூட. அந்த ஆய்வு கொடுமைகளை இரண்டு தட்டாகப் பிரித்தது. கடுமையான வகையைச் சொன்னவர்கள் மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. செய்தவர்களில் அரைவாசிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பின இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. எங்கள் நாட்டுச் சட்டத்திலோ வல்லுறவு என்ற பிரிவு பெண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பெடியனுக்கு நடப்பது பெரும்பாலும் 365ஆ பிரிவுக்குள் வரும். சட்டமே அப்படி இருக்கும்போது பெடியன் தனக்கு நடந்ததற்குப் பெயர் தேடி எங்கே போவான்? தோணியில், வாடியில், விளையாட்டுத் திடலில் பெரிய அண்ணைமார் செய்வதைப் "பகிடி" என்று நாங்கள் பெயர் வைத்துக் கொடுத்துவிட்டோம்.

தொடாமலே செய்கிறவனும் இப்போது இருக்கிறான். போனில் ஒரு படம் கேட்பான். அனுப்பினால் இன்னொன்று. அனுப்பாவிட்டால் முதல் படத்தைக் கொப்பருக்கு அனுப்புவேன் என்பான். "தொடவே இல்லையே" என்று இதையும் சின்னதாக்குகிறோம். தமிழ்நாட்டுப் பொள்ளாச்சியில் பெண்களைக் கெடுத்துப் படம் பிடித்து மிரட்டின கூட்டம் 2019இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது, அதுவும் ஒரு கல்லூரிப் பெண் முறையிட்டதால். கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது 2025 மே 13ஆம் திகதி. புங்குடுதீவுப் பிள்ளை மறிக்கப்பட்டுச் சரியாகப் பத்து ஆண்டு. நாள் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் பொள்ளாச்சிக் கூட்டம் எதை முதலாக வைத்து வியாபாரம் செய்தது என்று பாருங்கள். அந்தப் பெண்கள் தங்கள் வீட்டுக்குப் பயந்த பயத்தை. மிரட்டுகிறவனுக்கு ஆயுதம் படமல்ல, நாங்கள். "வீட்டில சொல்லுவன்" என்பது வெருட்டாக இருக்கிற வீட்டில் பிள்ளை அகப்பட்டுக்கொண்டே போகும்.

பொலிசுக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்கிறீர்கள். உண்மைதான், படகேறினால் "எங்க போறியள்?" என்று பத்துப்பேர் கேட்பார்கள். அதற்கு வழி இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே எடுக்கலாம், இரவிலும் எடுக்கலாம், பிள்ளையே எடுக்கலாம். அந்த அதிகார சபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, நேற்று முளைத்ததல்ல. பெண்களுக்கென்று 1938 இருக்கிறது. ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை உத்தியோகத்தரைக் கேளுங்கள். பிறப்புப் பத்திர அலுவல் என்று சொல்லிவிட்டுப் போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை. (பொய் சொல்லச் சொல்லிப் பெற்றோருக்குப் புத்தி சொல்லுகிறேன். இந்த ஒரு பொய்க்கு ஐயனார் கோபிக்க மாட்டார்.) பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் போடுவது 365இ பிரிவின்படி குற்றம். பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவாக நீதிமன்றம் ஏற்க 1999ஆம் ஆண்டுச் சாட்சியத் திருத்தச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்து, 2023இல் அது புதிதாக எழுதப்பட்டது. நடைமுறை இழுபடுகிறது, வழக்கு வருடக்கணக்கில் போகிறது, அதையெல்லாம் நான் மறைக்கவில்லை. அதற்காகத்தான் கூட நிற்க ஆள் வேண்டும், அந்த ஆள் தாயும் தகப்பனும்.

நடந்தது கடுமையானது, நடந்து சொற்ப நேரம்தான் என்றால் பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள். தாயின் கை முதலில் கிணற்றடிக்குத்தான் போகும், எனக்குத் தெரியும். போட்டிருந்த உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் வையுங்கள், பொலித்தீனில் வேண்டாம். 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் எச்.ஐ.வி. தொற்றாமலும் கர்ப்பம் தங்காமலும் தடுக்க மருந்து கொடுக்கலாம்; யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். மூன்று நாள் கடந்துவிட்டது, மூன்று மாதம் கடந்துவிட்டது என்றாலும் போகலாம். உடம்பில் அடையாளம் இல்லை என்று மருத்துவர் எழுதினால் நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலான தொடுகைகள் அடையாளம் விடுவதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சுலபம், அதனாலேயே கஷ்டம். பிள்ளை சொல்லும்போது சட்டத்தரணியாக மாறாதீர்கள். "பிறகு என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். பெரியம்மாவுக்கு ஒரு தரம், அப்பம்மாவுக்கு ஒரு தரம், அதிபருக்கு ஒரு தரம் என்று திரும்பச் சொல்லவைக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொல்லிலேயே, திகதி போட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவனைக் கூப்பிட்டு முகத்துக்கு முகம் "கேட்டுப் பாக்கிற" வேலை வேண்டவே வேண்டாம். அதில் யார் வெல்லுவார்? நாற்பது வயதுக்காரனா, ஒன்பது வயதா?

கோயில் மண்டபத்தில் நாலு பெரிய மனிதர் இருந்து சமாதானம் பேசுவதும் வேண்டாம். அந்த நாலு பேரில் ஒருவராவது பிள்ளையை ஒரு கேள்வி கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. காசு கைமாறும், "இனிச் செய்யமாட்டன்" என்று ஒருவன் கற்பூரம் அணைப்பான், இரண்டு குடும்பமும் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும். சத்தியம் செய்தவன் அடுத்த வளவில் இன்னொரு பிள்ளையைத் தேடுவான். அந்தப் பிள்ளையின் தாய் உங்களிடம் வந்து "உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்கும்போது என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

வருகிற மாதங்களில் எங்கள் வீடுகளில் சாமத்தியவீடு வரும், பிறந்தநாள் வரும், குடிபூரல் வரும். சொல்லவேண்டிய ஆட்களின் பெயரை இருந்து எழுதுவோம். முறை தவறக்கூடாது, சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று பிள்ளையைத் தொட்டவனின் வீட்டுப் பெயரையும் எழுதுவோம். வந்தவருக்குத் தேத்தண்ணிக் கோப்பை கொடுக்கச் சொல்லி அதே பிள்ளையை முன்னுக்கு அனுப்புவோம். அந்தப் பெயரை வெட்டுங்கள். ஏன் சொல்லவில்லை என்று அவர்களின் ஆட்கள் கேட்டால், காரணம் அவனுக்குத் தெரியும், அவனைக் கேளுங்கள் என்று பிள்ளைக்குக் கேட்கும்படியாகவே சொல்லுங்கள்.